கருச்சாதகம்

அந்த ஆண்டு ஆனி மாதத்துச் சுவாதி நாளில் கோயம்புத்தூரில் மட்டும் அறுநூற்றுப் பதினான்கு குழந்தைகள் பிறந்தன. மறுநாள் விசாகம். ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி நர்சுகள் விசாகத்தை விடுமுறை என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வால்பாறைக்குப் போய்விட்டு, அனுஷத்தன்று காலை ஷிப்டுக்குத் திரும்பினார்கள். இதில் யாருக்கும் வியப்பில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஊர் இப்படித்தான் பிறந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் காரணமான டாக்டர் பூங்கோதைக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை கிடையாது என்பதைவிட, அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை என்று சொல்வதுதான் சரி. இளம் வயதில் அரசு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தபோது, ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைகளை நாள் தவறாமல் பார்த்தவர் அவர். கையில் எடுக்கவே பயமாக இருக்கும். பாதிக்கு மேல் பிழைக்காது. அவசரப்பட்டு வந்துவிட்ட குழந்தையைக் காப்பாற்றப் போராடுவதைவிட, அவசரப்படாமல் இருக்க அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு கேள்வியோடு ஆராய்ச்சிக்குள் போனவர், பிறகு வெளியே வரவே இல்லை.

சில மான்களுக்கும் கரடிகளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கரு உண்டானவுடன் வளராது. ஊசிமுனை அளவில் கருப்பையிலேயே மாதக்கணக்கில் உறங்கும். பருவம் கூடி வந்ததும் விழித்து வளரத் தொடங்கும். அந்த உறக்கத்தைக் கொண்டுவரும் வேதிப்பொருளை மனிதக் கருவுக்கும் பொருந்துமாறு செய்ய பூங்கோதைக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. அதற்குத் துயிலி என்று பெயர் வைத்தார். துயிலியைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும் துயில் வளையத்தைக் கருப்பைக்குள் பொருத்திவிட்டால் கரு உறங்கும். எழுப்பூசி போட்டால் விழிக்கும். இப்படி உறங்கி எழுந்த கருவுக்கு ஒரு குணம் இருந்தது, அதுதான் பூங்கோதை தேடிப் போனது. அது நேரம் தவறாது. ஊசி போட்ட நொடியிலிருந்து இருநூற்று அறுபத்திரண்டு நாள். முன்னே பின்னே போனால் இரண்டு மணி நேரம். குறைப்பிரசவம் என்பது மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்காக மட்டும் படிக்கும் பழங்கால நோயாகிவிட்டது.

வளையம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. "எங்க மருமக உறங்க வெச்சிருக்கா" என்று மாமியார்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். இருபத்தைந்து வயதில் கருவை உறங்க வைத்துவிட்டு, படித்து, பதவி உயர்ந்து, வீடு கட்டி, சௌகரியமான ஒரு நாளில் பெண்கள் எழுப்பிக்கொண்டார்கள். வளையம் ஏழு ஆண்டுகள் தாங்கும். அதற்குள் எழுப்பாவிட்டால் கரு உடம்போடு கரைந்துவிடும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, யாருக்கும் எதுவும் தெரியாது.

பூங்கோதை எதிர்பாராத ஒன்று அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருந்தது. பிறக்கும் நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்றால் நம் ஜனங்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த யாரையாவது அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. எழுப்பூசி போட வருகிறவர்கள் கையில் பஞ்சாங்கத்தோடு வந்தார்கள். ஆயில்யத்தில் பெண் பிறந்தால் வரப்போகும் மாமியாருக்கு ஆகாது, மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்றெல்லாம் காலங்காலமாக இருந்த பயங்கள் ஒரே ஊசியில் தீர்ந்துபோயின. வேண்டாத நட்சத்திரங்கள் காலியாகக் கிடக்க, அஸ்தம், சுவாதி, ரோகிணி, திருவோணம் என்ற நான்கு நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன.

பூங்கோதையின் மகள் நன்முல்லையும் அப்படித்தான் பிறந்தாள். பூங்கோதை தன் முப்பத்திரண்டாம் வயதில், தன்னுடைய ஆராய்ச்சிக் கூடத்திலேயே, தன் கருவையே சோதனைக்கு எடுத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் உறங்க வைத்திருந்தார். எழுப்பும் நாளைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய கணவர். சமையலறை நாட்காட்டியில் அவர் விரல் வைத்து எண்ணியதை பூங்கோதை பார்த்தார். பார்க்காதது போல இருந்துவிட்டார். முல்லை சுவாதியில் பிறந்தாள். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கணவர் இறந்துபோனார்.

முல்லைக்கு இருபத்தேழு வயதானபோது ஊர் வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பொருத்தத்தில் ரஜ்ஜு என்று ஒன்று உண்டு. இருபத்தேழு நட்சத்திரங்களையும் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஐந்து கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பையனும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் இருக்கக் கூடாது. கழுத்து ரஜ்ஜுவில் இருவரும் இருந்தால் பெண்ணின் உயிருக்கு ஆகாது என்பார்கள். ஊரே ஆசைப்பட்டுப் பிள்ளை பெற்ற நான்கு நட்சத்திரங்களும், யாரும் முன்னதாக எண்ணிப் பார்க்காததால், கழுத்து ரஜ்ஜுவிலேயே இருந்தன. ஒரு தலைமுறை முழுக்க ஒருவருக்கொருவர் ஆகாதவர்களாகிவிட்டார்கள். வளையம் வந்த புதிதில் அதை வைக்க வசதியில்லாமல் பரணியிலும் கேட்டையிலும் பிறந்தவர்களுக்குத் திடீரென்று ஏகப்பட்ட கிராக்கி. பூங்கோதை இதைச் செய்தியில் படித்துச் சிரித்தார். தன் வீட்டுக் கதவை அது தட்டும்வரை சிரித்தார்.

முல்லை தானோட்டிப் பேருந்துகளுக்குத் தடம் வகுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த சிபியை அவளுக்குப் பிடித்திருந்தது. பெருந்துறையிலிருந்து சிபியின் அம்மா ஹர்ஷினி பெண் பார்க்க வந்தார். கணவரை இழந்தவர், ஒரே பிள்ளை, மஞ்சள் மண்டியைத் தனியாளாக நடத்துகிறவர். வந்த அரைமணி நேரத்தில் முல்லையோடு சமையலறைக்கே போய்விட்டார். அங்கிருந்து இருவரும் சிரிக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"பையன் அஸ்தம், உங்க புள்ள சுவாதிங்க. ரெண்டும் கழுத்து," என்றார். "எனக்குப் புள்ளையப் புடிக்காம இருந்தா ஆனது ஆகட்டும்னு உட்டிருப்பனுங்க டாக்டர். புடிச்சுப் போச்சு. அதான் பயமா இருக்குது."

வரதட்சிணை, அந்தஸ்து என்று பேசியிருந்தால் பூங்கோதை எழுந்து போயிருப்பார். பெண்ணின் உயிருக்குப் பயந்து வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த ஜோதிடர் தருண் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே முல்லை பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டது பூங்கோதைக்குக் கேட்டது. அந்த எரிச்சலில்தான் அவர் அதைச் சொன்னார்.

"சுவாதிங்கறது அவ வெளிய வந்த நேரம். அது நான் ஊசி போட்டதால வந்தது. உசுரு உண்டானது அதுக்கு ஆறு வருசம் முன்னாடிங்க. சாதகம் கணிக்கறதா இருந்தா அதுக்கில்ல கணிக்கணும்?"

வாதத்துக்குச் சொன்னதுதான். ஜோதிடத்தின் அபத்தத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது என்று ஒரு கணம் அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. ஆனால் தருண் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த நேரம் பதிவுல இருக்குதுங்களா?"

"நிமிசம் பிசகாம இருக்குது," என்றார் பூங்கோதை. தன் பதிவேட்டைப் பற்றி யார் கேட்டாலும் அவரால் சும்மா இருக்க முடியாது.

கருவுற்ற நேரத்துக்குச் சாதகம் கணிப்பது பழைய நூல்களிலேயே உண்டு, அந்த நேரம் யாருக்கும் சரியாகத் தெரியாததால்தான் பிறந்த நேரத்தை வைத்து ஒப்பேற்றினார்கள் என்று தருண் விளக்கினார். பேசப் பேச அவர் குரலில் உற்சாகம் ஏறியது. சிபியும் வளையக் குழந்தைதான், அவனுடைய ஆஸ்பத்திரியிலும் பதிவு இருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம். டாக்டரம்மாவே சான்றிதழ் கொடுத்தால் அதற்கு மேல் ஒரு பேச்சில்லை. ஹர்ஷினியின் முகம் தெளிந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பூங்கோதை ஆராய்ச்சிக் கூடத்தில் பழைய பதிவேட்டை எடுத்தார். அவருடைய பதிவேடுகள் தொழிலில் பேர்போனவை. கணினி எத்தனை வந்தாலும் முதல் குறிப்பைக் கையால் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாணவர்களை இதற்காகவே அழ வைத்திருக்கிறார். முல்லை சின்ன வயதில் தன் உயரத்தைக் கதவில் குறிக்கும்போது எக்கி நின்றதற்காக, அளவில் பொய் கலக்கக் கூடாது என்று அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியவர்.

பதிவேட்டில் மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் பக்கத்தில், கரு உண்டான நேரம் காலை 9.40 என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அன்று காலை 8.25 வரை பூசம். அதன் பிறகு ஆயில்யம். சிபியின் கரு நட்சத்திரம் உத்திரம் என்று தருண் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ரஜ்ஜு தட்டாது. ஆனால் ஆயில்யத்துப் பெண், மாமியாருக்கு ஆகாதவள். அந்த வீட்டில் இருப்பதே ஒரு மாமியார்தான்.

பூங்கோதை வெகுநேரம் யோசிக்கவில்லை. நம்பாத ஒரு விஷயத்தில் பொய் சொல்வது பொய்யாகுமா என்று மட்டும் கொஞ்சம் யோசித்தார். சான்றிதழில் காலை 7.40 என்று அடித்துக் கையெழுத்திட்டார். பதிவேட்டைத் தொடவில்லை. அது அப்படியே இருக்கிறது, விஞ்ஞானம் கெட்டுப்போகவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். முப்பதாயிரம் கருக்களுக்கு நேரம் குறித்தவர், ஒன்றே ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னே தள்ளினார். வைகாசியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது.

தருண் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. துயில் வளையத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானியே தன் மகளுக்குக் கருவுற்ற நேரத்தைத்தான் கொடுத்தார் என்று மேடைக்கு மேடை பேசினார். கருச்சாதகம் என்று அதற்கு அவரே பெயரும் வைத்தார். கழுத்து ரஜ்ஜுவில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அது உயிர்வளியாக வந்தது. இரண்டு ஆண்டுகளில் பிறந்த நேரத்துச் சாதகத்தை யாரும் சீந்தவில்லை. கரு உண்டான கணத்தில் தாயின் உடம்பில் தோன்றும் ஒரு புரதத்தை, அதுவரை ஆஸ்பத்திரியில் சோதித்துப் பதிந்ததுபோல் இல்லாமல், புதிய வளையங்கள் தாமே உணர்ந்து, அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டன. எழுப்பூசிக்கு மனுப் போட்டால் கருக்குறிப்பு அச்சாகிக் கையில் வரும்.

அதன் விளைவு பூங்கோதையின் மேசைக்கு ஒரு வரைபடமாக வந்தது. ஆண்டறிக்கைக்காகத் தயாரித்தது. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கு இருபத்தேழு பட்டைகள், எழுப்பப்பட்ட கருக்களின் எண்ணிக்கை. இருபத்து மூன்று பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரம். ஆயில்யம், விசாகம், கேட்டை, மூலம் நான்கும் பாதிகூட இல்லை. ஆயில்யத்தில் நூற்றுக்கு எழுபத்தொரு கருக்கள் எழுப்பப்படாமலே கரைந்திருந்தன. பிறக்கும் நாளைத் தள்ளிப் போடலாம். உண்டான நேரத்தை என்ன செய்ய முடியும்? யாரும் எதையும் கொல்லவில்லை, சட்டத்தில் குற்றம் எதுவும் இல்லை. அவர்கள் எழுப்பவில்லை, அவ்வளவுதான். வளையத்தில் நேரம் குறிப்பதை நிறுத்த வேண்டும் என்று பூங்கோதை அமைச்சகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். தகவல் பெறுவது தாயின் உரிமை என்று பதில் வந்தது. முதல் சான்றிதழை வழங்கியவர் தாங்களே என்பதை இத்தருணத்தில் நன்றியுடன் நினைவுகூர்வதாகவும் அதில் ஒரு வரி இருந்தது.

முல்லை கல்யாணமான சில மாதங்களிலேயே உறங்க வைத்திருந்தாள். மூன்றாம் ஆண்டில் ஹர்ஷினிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மண்டியைச் சிபி பார்த்துக்கொண்டான், மாமியாரை முல்லை பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் ஆண்டில் முல்லைக்கே ஒரு நோய் வந்தது. மருந்துகள் அவளைக் காப்பாற்றின, சினைப்பைகளைக் காப்பாற்றவில்லை. இனி அவளுக்கு இன்னொரு கரு உண்டாகாது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது ஒன்றுதான், அதுவும் பெண் என்று தெரிந்திருந்தது. வளையத்தின் ஏழாம் ஆண்டு முடிய இன்னும் நாற்பத்திரண்டு நாட்கள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக முல்லை தொலைபேசியில் சொன்னாள்.

பூங்கோதை அடுத்த பேருந்தில் பெருந்துறைக்குப் போனார். பையில் எதற்கும் இருக்கட்டும் என்று பதிவேட்டை வைத்துக்கொண்டார்.

முல்லை அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பக்கத்து அறையில் ஹர்ஷினி படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. கருக்குறிப்பை முல்லையே எடுத்து வந்து நீட்டினாள். ஆயில்யம் என்று இருந்தது. அவள் கண்கள் அழுது ஓய்ந்திருந்தன. அம்மா கொடுத்த சான்றிதழால்தான் தன் கல்யாணமே நடந்தது, அதை ஒன்றுமில்லை என்று இப்போது எப்படிச் சொல்வது என்று கேட்டாள். எழுப்பிவிட்டால் மறைக்க முடியாது, பதிவு எல்லோருக்கும் தெரியும் என்றாள்.

"எனக்கு ஆசை இல்லாமயாங்கம்மா? நாளைக்கு அவ ஒரு வீட்டுக்குப் போகணும்ல. தெரிஞ்சே அனுப்பி வெச்சு, அங்க இருக்கற ஒரு பொம்பளையப் படுக்க வெக்கச் சொல்றீங்களா? பாத்துட்டுத்தான இருக்கேன், படுத்துக் கெடக்கறதுன்னா என்னன்னு."

பூங்கோதை முதலில் விஞ்ஞானம் பேசினார். முல்லை மறுக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு புள்ளிவிவரம் பேசினார். அதையும் கேட்டுக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பூங்கோதை பையிலிருந்து பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மகளின் மடியில் வைத்தார்.

"நீயும் ஆயில்யம்தான் கண்ணு. சான்றிதழ்ல இருக்கறது பொய். நான்தான் மாத்திக் குடுத்தேன். உனக்கு என்ன கெட்டுப்போச்சு, சொல்லு. நல்லாத்தான இருக்கே?"

முல்லை அந்த எண்களை இரண்டு முறை படித்தாள். அம்மாவின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் சிரிப்பாள், அல்லது கோபப்படுவாள் என்று பூங்கோதை எதிர்பார்த்தார். இரண்டில் எது நடந்தாலும் கரு பிழைத்துவிடும். முல்லை தலையைத் திருப்பிப் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள்.

"அப்ப அத்தையப் படுக்க வெச்சது நான்தானுங்களா," என்றாள்.

ஹர்ஷினிக்கு இருபது ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை, ஊறுகாயை விட்டதில்லை என்று பூங்கோதை சொன்னார். அந்த வயதில் ஆயிரம் பேரில் இத்தனை பேருக்குப் பக்கவாதம் வரும், அதில் பூசத்து மருமகள்களின் மாமியார்களும் இருக்கிறார்கள் என்றார். அது உண்மையும்கூட. பேருந்து தாமதத்துக்குக் காரணம் சொல்கிறவர்களின் பேச்சை அலுவலகத்தில் எப்படிக் கேட்பாளோ அப்படி, பொறுமையாக, நம்பாமல் முல்லை கேட்டுக்கொண்டாள்.

"உங்க நோட்டுல தப்பே இருக்காதுன்னு சொல்லித்தானுங்களே என்னை வளத்தீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

உள்ளே அவள் அழுவதும், திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்வதும் கேட்டது. பூங்கோதை கூடத்தில் உட்கார்ந்தபடி ஹர்ஷினியின் குரலுக்காகக் காத்திருந்தார். அந்த அம்மாள் கெட்டிக்காரி, மண்டி நடத்தியவர், ஊறுகாய் விஷயம் அவருக்கே தெரியும். போடி பைத்தியக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பூங்கோதையின் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் எந்தச் சோதனையின் முடிவுக்கும் அவர் இப்படி மூச்சைப் பிடித்துக் காத்திருந்ததில்லை.

"அழுவாத சாமி," என்றார் ஹர்ஷினி, இழுத்த வாயோடு, மெதுவாக. "நீ வேணும்னா பண்ணுன? நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

மன்னித்துவிட்டார். மன்னிக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு குற்றம் இருக்க வேண்டும். அது இப்போது அந்த அறையில் உறுதியாக நிலைபெற்றுவிட்டது. கூடத்தில் பூங்கோதை, தான் சொன்ன பொய்யைவிடத் தான் சொன்ன உண்மைக்காக அதிகம் வருந்தினார்.

ஹர்ஷினி அவரையும் உள்ளே கூப்பிட்டார். கட்டிலருகே நாற்காலியில் உட்காரச் சொன்னார். டாக்டரம்மா பொய் சொன்னதும் நல்லதற்குத்தான் என்றார். இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்திருக்குமா, பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லி, வேலை செய்யும் இடது கையால் முல்லையின் தலையைத் தடவினார். பூங்கோதைக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. அப்படியானால் உள்ளே உறங்குகிறவளும் நாளைக்கு ஒரு வீட்டில் இப்படித்தானே இருப்பாள், எழுப்பிவிடலாமே என்று கெஞ்சினார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. ஹர்ஷினி மருமகளைப் பார்த்தார். முல்லை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவளுக்கும் ஒண்ணு மாத்திக் குடுப்பீங்களாம்மா? குடுங்க. நாளைக்கே போய் ஊசி போட்டுக்கறேன்."

வளையத்தின் பதிவை இப்போது யாராலும் திருத்த முடியாது. கரு உண்டான நிமிடம் வளையத்துக்குள்ளேயே பூட்டப்பட்டு, அதே நொடியில் நாட்டின் நான்கு இடங்களில் நகலாகிவிடும். அந்தப் பூட்டை வடிவமைத்துக் கொடுத்தவர் பூங்கோதையேதான். முல்லையின் கல்யாணம் முடிந்த அடுத்த மாதம், வளைய நிறுவனம் ஆலோசனை கேட்டு வந்தபோது, தான் செய்ததை இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்ற உறுத்தலில் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். ஓர் ஓட்டைகூட இல்லாமல் செய்திருந்தார். தன் வாழ்நாளின் மிக நேர்மையான வேலை என்று அதைத்தான் நினைத்திருந்தார்.

"முடியாது கண்ணு," என்றார்.

முல்லை தலையாட்டினாள். அவளுக்குக் கோபம் இல்லை. ஆயில்யம் என்று தெரிந்தும் ஒரு பெண்ணை மனசார வைத்துக்கொள்ள அத்தையைப் போல இன்னொரு மாமியார் உள்ளே உறங்குகிறவளுக்குக் கிடைப்பார் என்று அம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அதை அளக்கும் கருவி எதுவும் பூங்கோதையிடம் இல்லை. ஹர்ஷினிக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டிருந்தது. முல்லை தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

பூங்கோதை அதன் பிறகு மூன்று முறை பெருந்துறைக்கு வந்தார். மூன்று முறையும் நல்ல சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். கடைசி முறை சிபி பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தான். ஏறும்போது பையை வாங்கி உள்ளே வைத்தான்.

நாற்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையோடு வளையத்தின் தவணை முடிந்தது. நாற்பத்து மூன்றாம் நாள் முல்லை மாமியாருக்குக் குளிக்க வார்த்து, இட்லி ஊட்டிவிட்டு, எட்டு மணிக்கு வழக்கம்போல வேலைக்குப் போனாள்.